‘வேண்டும்’ என்று முடியும் பத்து வரிகள்

கேள்வி இது: “வயது 34. அலுவலக வேலை, வீட்டில் சின்னக் குழந்தை. ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள் டைரியில் பத்து இலக்குகள் எழுதுகிறேன். உடற்பயிற்சி செய்ய வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும், ஜெர்மன் கற்றுக்கொள்ள வேண்டும், நிறையப் படிக்க வேண்டும், சேமிக்க வேண்டும்... இப்படி. மூன்றாவது வாரத்துக்குள் எல்லாம் நின்றுபோகிறது. எனக்கு மனவுறுதி குறைவா? இலக்குகளை எப்படித் திட்டமிடுவது?”

உங்கள் மனவுறுதியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. உங்கள் வாக்கியங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிகிறது. எல்லாமே ‘வேண்டும்’ என்று முடிகின்றன. தமிழில் இது ஒரு வசதியான சொல். நான் படிக்க வேண்டும், அவள் படிக்க வேண்டும், அவர்கள் படிக்க வேண்டும்: எழுவாய் எதுவானாலும் அந்தச் சொல் அசைந்துகொடுக்காது. இன்றைக்கா, அடுத்த ஆண்டா என்பதும் அதற்குள் கிடையாது. ‘படிப்பேன்’ என்று எழுதிப் பாருங்கள், உடனே ‘எப்போது?’ என்ற கேள்வி வந்து நிற்கும். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் பலரும் ‘வேண்டும்’ போட்டு எழுதுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிறுவனங்களில் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். ஆண்டுத் தொடக்கத்தில் இலக்கு எழுதி வாங்குவதும் ஆண்டு முடிவில் அதே தாளைத் திருப்பிக் காட்டுவதும் அதில் ஒரு பகுதி. (திருப்பிக் காட்டும்போது பலர் தங்கள் கையெழுத்தையே சந்தேகமாகப் பார்ப்பார்கள்.) நிறைவேறிய இலக்கை எழுதியவருக்கும் நிறைவேறாததை எழுதியவருக்கும் ஆர்வத்தில் பெரிய வித்தியாசத்தை நான் கண்டதில்லை. எழுதிய விதத்தில்தான் கண்டிருக்கிறேன்.

“எழுதி வைத்தாலே பாதி வெற்றி” என்று சொல்லி யாராவது யேல் பல்கலைக்கழகக் கதையை உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 1953-இல் பட்டம் பெற்ற மாணவர்களில் 3 சதவீதம் பேர் மட்டும் இலக்குகளை எழுதி வைத்திருந்தார்களாம். 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் மற்ற 97 சதவீதத்தினரின் மொத்தச் சொத்தைவிட அந்த 3 சதவீதத்தினரின் சொத்து அதிகமாம். அப்படியோர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் பார்த்தவர்களுக்குப் பல்கலைக்கழகமே அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் பயிற்சி மேடைகளில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது; ஆரம்ப காலத்தில் நானும் இரண்டு முறை அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். எழுதுவது நல்ல பழக்கம்தான். ஆனால் நீங்கள் பத்து வரியும் எழுதித்தானே வைத்திருந்தீர்கள்?

முதல் வேலை, அந்தப் பத்தைக் குறைப்பது. ‘அகலக்கால் வைக்காதே’ என்று வீட்டுப் பெரியவர்கள் பண விஷயத்தில் சொல்வதை நேர விஷயத்திலும் சொல்லலாம். ஒரு வாரத்துக்கு உங்கள் நேரம் எங்கே போகிறது என்று அரை மணிக்கு ஒரு கட்டமாகக் குறித்துப் பாருங்கள். எதையும் திருத்தாமல், நடந்ததை நடந்தபடி குறியுங்கள். வேலை, பயணம், தூக்கம், குழந்தை, சமையல், துணி துவைத்தல் எல்லாம் போக உங்கள் கையில் நிற்பது வாரத்துக்கு ஐந்து மணி நேரமாக இருக்கலாம், ஏழாக இருக்கலாம். பத்து இலக்குக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு அரை மணி சொச்சம். வாரத்துக்கு அரை மணி படித்து ஜெர்மன் வராது. இந்தக் கணக்கைப் போடாமல் பட்டியல் எழுதுவதும், சம்பளத்தைப் பார்க்காமல் கடன் வாங்குவதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த காரியங்கள்.

என் பரிந்துரை: நேரம் தின்னும் இலக்கு ஒன்று, நேரம் அதிகம் தின்னாத இலக்கு ஒன்று. அவ்வளவுதான். சேமிப்பு இரண்டாவது வகை. சம்பளம் வரும் நாளில் ஒரு தொகை தானாகவே வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஒரு முறை ஏற்பாடு செய்துவிட்டால் அதற்கு மேல் உங்கள் மனவுறுதிக்கு அங்கே வேலையில்லை. மற்ற எட்டையும் கிழித்துப் போடச் சொல்லவில்லை. வேறு தாளில் எழுதி, மேலே ‘இந்த ஆண்டு இல்லை’ என்று தலைப்புப் போட்டு மடித்து வைத்துவிடுங்கள். அந்தத் தலைப்பை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும். ஆனால் அன்றிலிருந்து உடற்பயிற்சி செய்யும்போது ஜெர்மன் நினைவும் ஜெர்மன் படிக்கும்போது உடற்பயிற்சி நினைவும் வந்து குற்றவுணர்ச்சி தராது.

மீதமிருக்கும் ஒன்றைக் கூர்மைப்படுத்துவது அடுத்தது. எட்வின் லாக், கேரி லேத்தம் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து சொன்னது இது: ‘உன்னால் முடிந்ததைச் செய்’ என்று விடப்பட்டவர்களைவிட, திட்டவட்டமான, சற்றுக் கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் அதிகம் சாதிக்கிறார்கள். லாக் இதை முதலில் விரிவாக எழுதியது 1968-இல். 1981-இல் ஜார்ஜ் டோரன் என்ற மேலாண்மை ஆலோசகர் ‘ஸ்மார்ட்’ என்ற ஐந்தெழுத்துச் சூத்திரத்தை எழுதினார்; இலக்கு குறிப்பாக, அளக்கும்படியாக, காலக்கெடுவோடு இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வருபவை. அலுவலகப் படிவங்களில் நீங்கள் நிரப்பி அலுத்துப்போனது அதுதான். தவறில்லை, பயனுள்ளதுதான். ஆனால் லாக்கும் லேத்தமும் சேர்த்துச் சொன்ன ஒரு நிபந்தனையைப் படிவங்கள் விட்டுவிடுகின்றன. வேலை உங்களுக்குப் புதிதாகவும் சிக்கலாகவும் இருந்தால், விளைவை இலக்காக வைப்பது எதிராகப் போகலாம். அங்கே கற்பதையே இலக்காக வைக்க வேண்டும். நீச்சலே தெரியாதவருக்கு ‘ஒரு கிலோமீட்டர் 30 நிமிடத்தில்’ என்பது வெறும் பதற்றம். ‘தண்ணீருக்குள் மூச்சு விடும் முறையை இந்த மாதம் பிடித்துவிடுவேன்’ என்பது அவருக்கு ஏற்ற இலக்கு.

ஜெர்மனுக்கு வருகிறேன். உங்கள் பட்டியலில் அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் என் பட்டியலிலும் அது ஆறு ஆண்டுகள் இருந்தது. இரண்டு முறை தொடங்கினேன். இரண்டு முறையும் புதிய புத்தகம், புதிய நோட்டு, நோட்டின் முதல் பத்துப் பக்கங்களில் அழகான கையெழுத்து, பதினோராவது பக்கத்திலிருந்து வெள்ளைத் தாள். ஆரம்ப சூரத்தனம் என்று நம் மொழியில் இதற்குத் தனிச்சொல்லே இருப்பதைப் பார்த்தால், இந்த நோய் எனக்கும் உங்களுக்கும் முன்பே பரவலாக இருந்திருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம்.

மூன்றாவது முறை இரண்டு விஷயங்களை மாற்றினேன். முதலாவது, ‘ஜெர்மன் கற்க வேண்டும்’ என்பதை ‘பி1 தேர்வு எழுதுவேன்’ என்று ஆக்கினேன். ஐரோப்பிய மொழிகளுக்கான பொது அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள், பி1 மூன்றாவது. அந்தத் தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. கடல் மாதிரி இருந்தது குளமாகிவிட்டது. நீந்தியாக வேண்டும்தான், ஆனால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டாவது மாற்றம்தான் என்னைக் கரையேற்றியது. ‘காலையில் பல் துலக்கியதும், சாப்பாட்டு மேசையின் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பயிற்சி முடிப்பேன்.’ இது என் திட்டத்தின் முழு வாசகம். முந்தைய இரவே பயிற்சிப் புத்தகத்தை மறுநாள் பக்கத்தில் திறந்து, நடுவில் பென்சிலை வைத்துவிட்டுத்தான் படுக்கப் போவேன். காலையில் தூக்கக் கலக்கத்தோடு வந்தால் பக்கம் திறந்திருக்கும், பென்சில் சீவியிருக்கும், முதல் வரியில் நிரப்பாத கோடு ஒன்று இருக்கும். ‘இன்று படிக்கலாமா?’ என்று மனம் கேட்பதற்குள் கை அந்தக் கோட்டில் எதையோ எழுதியிருக்கும். பாதி நாள் தப்பாகத்தான் எழுதினேன். அது வேறு விஷயம்.

‘துலக்கியதும்’ என்பதில் இருக்கும் அந்த ‘தும்’ விகுதியைக் கவனியுங்கள். ஒன்று முடிந்த கணத்தில் மற்றொன்று தொடங்கிவிடும் என்று நம் இலக்கணம் அதற்குள் சொல்லிவைத்திருக்கிறது. வந்ததும், ஏறியதும், சாப்பிட்டதும், குழந்தை தூங்கியதும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் ஆய்வுகளில் பயன்படுத்தியதும் இதே வாக்கிய அமைப்புதான்: இந்தச் சூழல் வந்ததும் இந்தச் செயலைச் செய்வேன். எத்தகைய இலக்கு என்பதைவிட, எந்த நேரத்தில், எந்த இடத்தில், எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் காரியத்தை நடத்திக்கொடுக்கிறது என்பது அவர் வாதம். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் இதுபற்றிய 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயன் நடுத்தரத்துக்கும் அதிகத்துக்கும் இடைப்பட்ட அளவில் இருந்தது. உளவியலில் இது சின்ன விஷயமில்லை.

எனக்குப் பிடித்தது 2002-இல் பிரிட்டனில் வெளிவந்த ஒரு சோதனை. மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். எதிர்வரும் வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் கடுமையான உடற்பயிற்சி செய்வதுதான் காரியம். ஒரு குழுவுக்குத் தனியாக எதுவும் சொல்லவில்லை. அதில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். இரண்டாவது குழுவுக்கு இதயநோய் ஆபத்தையும் உடற்பயிற்சியின் நன்மையையும் விளக்கி ஊக்கம் ஊட்டினார்கள், 35 சதவீதம். மூன்றாவது குழுவுக்கு அதே ஊக்கத்தோடு, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன் என்று ஒரு வாக்கியத்தை எழுதவும் வைத்தார்கள், 91 சதவீதம். ஒரே ஒரு வாரத்துச் சோதனை என்பதை மறக்கக் கூடாது. ஓராண்டுக்கு இதே 91 நீடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊக்க உரை கேட்ட குழு, எதுவும் கேட்காத குழுவைத் தாண்டவில்லை என்பதைப் பயிற்சி மேடையில் பேசிச் சம்பாதிக்கும் நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சூழலைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘நேரம் கிடைத்ததும்’ என்பது சூழல் ஆகாது. ‘மனம் அமைதியானதும்’ என்பதும் ஆகாது. கண்ணால் பார்க்கும்படி, எப்படியும் தினமும் நடந்தே தீரும் ஒன்றாக இருக்க வேண்டும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் ‘காலை 6 மணி’ என்பதும் நம்பத்தகாதது. குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது. உங்களுக்கு அலுவலகம் போகும் வழிதான் உறுதியானது என்றால் ‘பஸ்ஸில் உட்கார்ந்ததும்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார இடம் கிடைக்காத நாளுக்கு இன்னொரு வாக்கியமும் தயாராக இருக்கட்டும்: ‘நின்றுகொண்டே போக நேர்ந்தால் காதில் மாட்டிக்கொண்டு ஒரு பாடம் கேட்பேன்.’

இந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் எழுதுவதில்லை. தடையைப் பற்றி யோசிப்பது அபசகுனம் என்பது போல நாம் நடந்துகொள்கிறோம். காப்ரியேலே எட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். ‘என்னால் குறைக்க முடியும்’ என்று நம்பியவர்கள் அதிகம் குறைத்தார்கள். மெலிந்த உருவத்தில் தங்களைக் கற்பனை செய்து மகிழ்ந்தவர்களோ மற்றவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகவே குறைத்தார்கள். நம்பிக்கையும் பகற்கனவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். கனவில் வெற்றியை ருசித்துவிட்ட மனம், சாதித்துவிட்டதாகவே நினைத்து இளைப்பாறத் தொடங்கிவிடுகிறது. அதற்கு எட்டிங்கன் சொல்லும் மாற்று எளியது: விரும்பியதை ஒரு நிமிடம் கற்பனை செய்யுங்கள், உடனே அதற்குக் குறுக்கே நிற்பது எது என்று கேளுங்கள். உங்களுக்குள் இருப்பதைத்தான் கேட்க வேண்டும். வானிலையையும் மேலாளரையும் விட்டுவிடுங்கள். என்னைப் பொறுத்தவரை அது கைப்பேசி. படுக்கையிலிருந்து எழுந்ததும் அதை எடுத்துப் பார்த்தால் அன்றைய ஜெர்மன் போயிற்று. எனவே இரவில் அதை வேறு அறையில் சார்ஜ் போட்டேன். பெரிய தத்துவமெல்லாம் இல்லை, ஒரு சார்ஜரை இடம் மாற்றினேன்.

காலக்கெடு வைக்கும்போது உங்கள் மனக்கணக்கை நம்பாதீர்கள். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-இலேயே இந்தக் கோளாறுக்குத் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். திட்டமிடும்போது நாம் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்ற கதையை மட்டுமே மனதில் ஓட்டுகிறோம். 1994-இல் ரோஜர் ப்யூலரும் உடன் ஆய்வாளர்களும் இளங்கலை ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 34 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள். 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். படுமோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கையும் நிஜம் தாண்டிவிட்டது. நானும் பி1-க்கு ஆறு மாதம் என்று நினைத்தேன்; பதினான்கு மாதம் ஆயிற்று. அதிலும் முதல் முறை கேட்டல் பகுதியில் 52 எடுத்துக் கோட்டைவிட்டு, அந்த ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதினேன். இதற்கு மருந்து, முன்பு இதுபோன்ற வேலை ஒன்றைச் செய்தபோது எவ்வளவு காலம் பிடித்தது என்று பார்ப்பது. உங்களுக்கு அந்த அனுபவம் இல்லையென்றால், முடித்தவர்களைக் கேட்பது. “உனக்கு எத்தனை மாதம் ஆயிற்று?” என்று மூன்று பேரிடம் கேட்டு, நடுவில் வரும் விடையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களைவிட நீங்கள் திறமைசாலி என்று தோன்றினாலும் அதே விடையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, மூன்றாவது வாரம். உங்கள் இலக்குகள் சாகும் வாரம். ஒரு நாள் காய்ச்சல், மறுநாள் விருந்தாளி, அதற்கு மறுநாள் ‘இனி எதற்கு?’ என்ற அலுப்பு. ‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்ற பழமொழி இந்த இடத்தில் நமக்குப் பெரிய தீங்கு செய்கிறது. பழக்கங்களைப் பொறுத்தவரை அது பொய். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி தலைமையில் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் தினமும் செய்ய ஒரு சிறு பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து, யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலை எப்போது வருகிறது என்று குறித்துவந்தார்கள். 2010-இல் வெளியான முடிவின்படி நடு மதிப்பு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் 18 நாளிலிருந்து 254 நாள்வரை (12 வாரத்தைத் தாண்டியவை கணக்கிட்டுச் சொன்ன மதிப்பீடு). தண்ணீர் குடிப்பது போன்ற எளியவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி இழுத்தது. ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ‘21 நாளில் பழக்கம்’ என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது 1960-இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் தன் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதியதிலிருந்து வந்தது. ‘குறைந்தது’ என்பது வழியில் எங்கோ விழுந்துவிட்டது. நீங்கள் கைவிடும் மூன்றாவது வாரம் சரியாக அந்த 21-ஆம் நாள். பழக்கம் வந்துவிட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கும் நாளில் உண்மையில் பாதி வழிகூடக் கடந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே தவறும் நாளுக்கும் ஒரு வாக்கியம் இப்போதே எழுதுங்கள். என்னுடையது: ‘ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் ஒரே ஒரு கோட்டை மட்டும் நிரப்புவேன்.’ ஈடுகட்டுவதற்காக இரண்டு பயிற்சி செய்யக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தேன். தண்டனை போலத் தோன்றும் வேலைக்கு மனம் மூன்றாம் நாள் வராது.

பதிவு வைப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பலர் அளவுக்கு மீறிப் போகிறார்கள். 2016-இல் 138 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், முன்னேற்றத்தை அவ்வப்போது சரிபார்ப்பது இலக்கை அடைய உதவுகிறது, கையால் குறித்தாலோ மற்றவர்களுக்குத் தெரிவித்தாலோ இன்னும் அதிகமாக உதவுகிறது என்று தெரிந்தது. அதற்குச் சுவரில் ஒரு காலண்டரும் பேனாவும் போதும். நான்கு நிறங்கள், வரைபடம், செயலி என்று கட்டிக்கொண்டு திரிந்தால் பதிவு வைப்பதே பதினோராவது இலக்காகிவிடும். யாரிடம் சொல்வது என்பதிலும் கவனம் தேவை. ‘ஜெர்மன் கற்கிறேன்’ என்று ஊருக்கு அறிவித்தால் பாராட்டு அன்றே வந்துவிடும், வேலை மிச்சமிருக்கும். ‘இந்த வாரம் நான்கு நாள் செய்தேன்’ என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஒருவர் போதும். எனக்கு அது என் அக்கா. “எத்தனை நாள்டா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவாள். ஜெர்மனைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

கைவிடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இந்த இலக்கு இன்னும் என்னுடையதா என்று கேளுங்கள். அடைய முடியாத இலக்கிலிருந்து விலகி வேறொன்றில் இறங்கக் கூடியவர்கள் மனநிம்மதியோடு இருப்பதாகக் கார்ஸ்டன் ராஷ் என்பவரின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் சலிப்பான ஒரு காலையில் இந்த முடிவை எடுக்காதீர்கள்; குறித்துவைத்த நாள் வரும்வரை தொடருங்கள், அன்று உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். உங்கள் பத்தில் சில, அடுத்தவரைப் பார்த்து எழுதியவையாக இருக்கும். என் பட்டியலில் பல ஆண்டுகள் ‘கித்தார்’ இருந்தது. எனக்குக் கித்தார் கேட்கப் பிடிக்கும், அவ்வளவுதான் என்று புரிய ஒரு கித்தார் வாங்க வேண்டியிருந்தது.

இன்றிரவுக்கு உங்களுக்கான வேலை இதுதான். டைரியைத் திறந்து, பத்தில் ஒன்றைச் சுற்றி வட்டமிடுங்கள். அதிலிருக்கும் ‘வேண்டும்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு ‘தும்’, முடிவில் ஒரு ‘வேன்’ வரும்படி திருத்தி எழுதுங்கள். ‘குழந்தை தூங்கியதும், ஷூவை மாட்டிக்கொண்டு படியிறங்கி, தெருமுனைவரை நடந்து திரும்புவேன்.’ பிறகு ஷூவைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், சாக்ஸ் உள்ளேயே இருக்கட்டும்.